பிரினா படுக்க வேண்டும்

மெரானோ, இத்தாலி
20 பிப்ரவரி 1994

அன்புள்ள எதெல்கா அக்காவுக்கு,

உன் தம்பி வெண்டெல் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ, பாலிண்ட் மாமா, அப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமல் இந்தக் குளிருக்கு அடங்கியதா? அக்டோபருக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, எனக்கு வேண்டியதுதான். வேலை அதிகம், அவ்வளவுதான்.

இப்போதும் உனக்கு ஒரு வேலை வைத்துத்தான் எழுதுகிறேன். பிரினா என்ற பெண் குதிரை ஒன்றை அனுப்புகிறேன். ஏழு வயது. மூன்று வருடம் தடை தாண்டும் பந்தயங்களில் ஓடியவள். போன அக்டோபரில் ஒரு வேலியில் விழுந்தாள். இனிமேல் ஓட மாட்டாள் என்று தெரிந்ததும் எங்கள் லாயத்து முதலாளி அவளைக் கறிக்கடைக்கு அனுப்பப் பார்த்தார். நான் கேட்டேன், கொடுத்துவிட்டார். நம் நாட்டிலிருந்து வாரம் தவறாமல் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கசாப்பு லாரிகள் இங்கே வருகின்றன அல்லவா, திரும்பும்போது காலியாகத்தான் போகின்றன. அப்படி ஒரு லாரியில்தான் இவள் வருகிறாள். ஓட்டுநர் டெஜோ நல்ல மனிதர். மார்ச் தொடக்கத்தில் உன் வாசலில் இறக்கிவிடுவார்.

அவளுக்கு நீ கற்றுக்கொடுக்க வேண்டியது இதுதான். சொன்னால் படுக்க வேண்டும், நம் மேய்ப்பர்களின் குதிரைகள் படுப்பதுபோல. ஆள் சேணத்தில் உட்காரும்வரை படுத்தே இருந்து, பிறகு ஆளோடு சேர்ந்து எழ வேண்டும். குரலுக்கும் கடிவாளத்துக்கும் மட்டும் கேட்க வேண்டும். காலால் உதைத்தோ அழுத்தியோ எதுவும் சொல்லாதே.

இலையுதிர்காலத்தில் ஒருவர் அவளைத் தேடி வருவார். எனக்குத் தெரிந்தவர். அவள் படுக்கக் கற்றுக்கொண்டால் அங்கே வந்து குதிரைகளோடு இருந்துவிடுவதாகச் சொல்கிறார். இல்லையென்றால் வரமாட்டார், வேறு எந்தக் குதிரையும் அவருக்கு வேண்டாமாம். அதனால் மனம் வைத்துச் செய், அக்கா.

அப்பாவுக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
வெண்டெல்

*

ஹொர்தோபாஜ்
14 மார்ச் 1994

அன்புள்ள தம்பி வெண்டெலுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் இருமலும் சுகமாக இருக்கிறது, எங்களைத்தான் தூங்கவிடுவதில்லை. நீ நன்றாக இருப்பதாக ஒரே வரியில் முடித்துவிட்டாய். உன்னை வளர்த்தவள் நான். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

உன் சீமாட்டி வந்து சேர்ந்தாள். கசாப்பு லாரியிலிருந்து ஒரு குதிரை உயிரோடு இறங்குவதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. டெஜோவை உள்ளே கூப்பிட்டு, பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, "என் தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். "நல்லா இருக்காரும்மா" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். லாரிக்காரர் ஒருவர் இரண்டாவது கோப்பையை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

பிரினா அழகிதான். ஆனால் குதிரையாக வாழத் தெரியாதவள். குட்டிகளோடு மேய்ச்சலில் விட்டேன். கடித்தால் திருப்பிக் கடிக்கத் தெரியவில்லை, வேலி ஓரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். காற்று அடித்தால் நடுங்குகிறாள். இந்தச் சமவெளியில் காற்று எப்போது அடிக்கவில்லை?

உன் மாமாவின் கதையைக் கேள். ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைத்ததுமே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே பின்னால் போய் எப்படியோ ஏறினார். சின்ன ஓட்டமாகப் போனாள். நிறுத்தலாம் என்று கடிவாளத்தை இழுத்தார், இன்னும் வேகமாக ஓடினாள். பலமாக இழுத்தார், பறந்தாள். கால்வாயைத் தாண்டி, ஆட்டு மந்தையைக் கிழித்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பாதிரியார் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் போய் நின்றாள். மாமா நடந்து திரும்பி வந்தார். "நான் நில்லுன்னு இழுக்கிறேன் எதெல்கா, அது சரி சரி இன்னும் வேகமான்னு எடுத்துக்குது. என்ன ஜென்மம் இது?" என்றார். அப்பா வாசலில் நின்றபடி, "இத்தாலிக்காரனுக்குச் சேவகம் பண்ணப் போனவன் அனுப்பினது வேற எப்படி இருக்கும்?" என்றார். உன்மேல் அவருக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

படுக்க வைப்பது எனக்குப் புதிதல்ல, குட்டிகளுக்கு வருடாவருடம் செய்வதுதான். ஆனால் அந்த ஆள் யார்? காலால் ஏன் சொல்லக் கூடாது? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

உன் உடம்பைப் பற்றியும் ஒரு வரிக்கு மேல் எழுது.

அக்கா,
எதெல்கா

*

மெரானோ
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். போதுமா? இரண்டு தடவை எழுதிவிட்டேன். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

முட்டைக்கோஸ் கதையைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். மாமாவிடம் என் மன்னிப்பைச் சொல். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் ஓடு என்று அர்த்தம். ஜாக்கி இறுக்கிப் பிடிப்பார், அவள் வாயை அதன்மேல் சாய்த்துக்கொண்டு ஓடுவாள். நிறுத்த வேண்டுமானால் கையைத் தளர்த்திவிட்டு மெதுவாகப் பேச வேண்டும். ஏறும்போது நிற்கவும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கிற குதிரைமேல் ஜாக்கியைத் தூக்கிப் போடுவதுதான் இங்கே வழக்கம்.

அவரைப் பற்றிக் கேட்டாய். அவருக்குக் கால்கள் சரியில்லை. ஏறுவது கஷ்டம். வேறு ஒன்றும் பெரிதாக இல்லை, நல்ல மனிதர்தான். குதிரை படுத்தால் தரையிலிருந்து அவராகவே சேணத்துக்கு மாறிக்கொள்ள முடியும் என்கிறார். கை பலமாக இருக்கிறது.

இங்கே மலைகளில் பனி உருகத் தொடங்கியிருக்கிறது. சன்னலிலிருந்து பார்த்தால் ஆப்பிள் மரங்கள் தெரிகின்றன, இன்னும் பூக்கவில்லை. அப்பா என்னைப் பற்றிக் கேட்டால் வேலை மும்முரம் என்று சொல்.

தம்பி,
வெண்டெல்

*

ஹொர்தோபாஜ்
1 மே 1994

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் போன்ற ஜாக்கிகள் தங்கும் அறையில் நிறையக் கட்டில்கள் போலிருக்கிறது. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பிரினா குரலுக்கு நிற்கிறாள். "ஹோ" என்று சொல்லி விரலைத் தளர்த்தினால் போதும். ஏறும்போது கம்பம்போல அசையாமல் நிற்கிறாள். குட்டிகளோடும் பழகிவிட்டாள். மூன்று வயதுப் பொல்லாதவன் ஒருவன் இருக்கிறான், பெட்யார் என்று கொள்ளைக்காரனுக்கு வைக்கிற பெயரையே வைத்திருக்கிறோம், பிடிக்கப் போனவர்களையெல்லாம் கடித்தவன். அவன் இவளுக்குப் பின்னாலேயே நாய்க்குட்டிபோல அலைகிறான். இவள் வந்து நின்றால் அவனும் வந்து நிற்கிறான், அதனால் அவனுக்கும் கயிறு மாட்டிவிட்டோம்.

கெட்ட செய்தி, அவள் படுப்பதில்லை. நான் சொல்லும்போது மட்டுமல்ல, எப்போதுமே. காலையில் எழுந்ததும் வயிற்றிலும் விலாவிலும் புல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாளும் ஒட்டியிருந்ததில்லை. வெயிலில் மற்றவை எல்லாம் கால் நீட்டிக் கிடக்கும்போது இவள் மட்டும் நின்றுகொண்டே கண் மூடுகிறாள். தூக்கம் ஆழமானதும் முன்கால் மடங்கிச் சரிகிறாள், பதறி எழுகிறாள். கணுக்கால் இரண்டிலும் அடிபட்ட புண். குதிரையால் இப்படி ரொம்ப நாள் தாங்க முடியாது, உனக்கே தெரியும்.

குட்டிகளுக்குச் செய்வதுபோல முன்காலைச் சவுக்கு நுனியால் தொட்டுத் தலையைத் தாழ்த்தச் சொல்கிறேன். ஒரு காலை மடக்குகிறாள், முட்டி தரையில் படுகிறது, அந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துள்ளி விலகுகிறாள். அவள் கண் முழுக்கப் பயம்.

விழுந்தபோது என்ன நடந்தது, வெண்டெல்?

அந்த ஆளிடம் சில விஷயங்கள் கேட்டு எழுது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? எடை எவ்வளவு குறைந்திருக்கிறார்? தூங்குகிறாரா? குதிரைக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு வரப்போகிறவரைப் பற்றித் தெரிய வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் கேட்கிறேன்.

அக்கா,
எதெல்கா

*

மெரானோ
16 மே 1994

அன்புள்ள அக்கா,

நான் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

தடை தாண்டுகிற குதிரைகள் விழும், எழும். பிரினாவும் விழுந்தாள், எழுந்தாள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் சாப்பிடுகிறார். இங்கே கொடுக்கிற பாஸ்தாவுக்கு உப்பும் இல்லை, மிளகாயும் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். தூக்கம் கொஞ்சம் குறைவு. எடையைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

சேணம் தைக்கிற ஆள் யாராவது இருந்தால், பின்பக்கம் இடுப்பு உயரத்துக்கு எழும்பின சேணம் ஒன்று செய்யச் சொல். தொடைகளைக் கட்டிக்கொள்ள இரண்டு பட்டைகள் வேண்டும். வயிற்றுப் பட்டையே இல்லாத நம் மேய்ப்பர் சேணம் அவருக்கு உதவாது.

அவள் படுக்காவிட்டால் இந்தப் பேச்சையெல்லாம் விட்டுவிடலாம், அக்கா. அவர் இங்கேயே இருந்துகொள்வார். இங்கே ஒரு இடம் இருக்கிறது, தோட்டம், மணியடித்தால் சாப்பாடு. யாருக்கும் பாரமில்லை.

வெண்டெல்

*

ஹொர்தோபாஜ்
20 ஜூன் 1994

தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று எனக்கு மனம் இல்லை. உன் சுகத்தைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

போன வாரம் மாமாவின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்கள் இருவரும் போயிருந்தோம். அப்பா வரவில்லை என்றார். அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. நாங்கள் வண்டியில் ஏறியதும் பழைய மேய்ப்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார். பிரினாவின் முன்கால் ஒன்றை மடக்கிக் கட்டி, இன்னொன்றில் கயிறு போட்டு, மூன்று பேரும் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள். முரட்டுக் குதிரைகளை அப்பா அந்தக் காலத்தில் இப்படித்தான் விழவைத்தார். தரையில் ஒரு தடவை கிடந்துவிட்டால் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அவள் விழுந்தாள். விழுந்ததும் அலறினாளாம். குதிரை கனைக்கும், சீறும், அலறி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. கட்டோடு உருண்டு, முட்டித் தோல் உரிய எழுந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான் வரும்போது குதிரைக் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தாள். யாரையும் கிட்டே விடவில்லை, என்னையும்தான்.

அப்பாவிடம் கத்தினேன். "எதுக்குப்பா? நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன்ல?" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான் செஞ்சேன். வசந்தம் பூரா அல்லாடறியே" என்றார். "உங்க ஒத்தாசையில மூணு மாச வேலை போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே, யாருக்காக இந்தப் பாடு என்று.

இதற்கு மேல் இருட்டில் துழாவ என்னால் முடியாது. அவள் எந்தப் பக்கம் விழுந்தாள், யார்மேல் விழுந்தாள், எப்படி எழுந்தாள், யார் எழுப்பினார்கள், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது.

எதெல்கா

*

ஹொர்தோபாஜ்
25 ஜூலை 1994

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பதில் வராவிட்டாலும் எழுதுவேன் என்று உனக்குத் தெரியட்டும்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அப்பா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பிரினாவின் முட்டிகள் ஆறிவிட்டன. மறுபடியும் என் கையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொள்கிறாள், ஆனால் அப்பாவைக் கண்டால் தூரப் போய்விடுகிறாள். சேணம் தைத்து வந்துவிட்டது, நீ சொன்ன மாதிரியே பின்பக்கம் உயரமாக. அதைத் தூக்கி வந்தபோது மாமா என்னிடம், "எதெல்கா, இந்தப் பய ஒரு கடுதாசியிலயாவது தான் எந்தக் குதிரை மேல ஏறினேன்னு எழுதியிருக்கானா? முன்னெல்லாம் அதைத் தவிர வேற எழுத மாட்டானே" என்று கேட்டார். நான் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

டெஜோவின் லாரி போன வாரம் இந்த வழியாகப் போயிற்று. கை காட்டினேன். ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அந்த ஆளிடம் நான் சொன்னதாகச் சொல். இந்த ஊரில் யாரும் அவரைப் பார்த்து உச்சுக்கொட்ட மாட்டார்கள். கொட்டினால் நான் இருக்கிறேன். கொப்பரையில் உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் வேகிறது, உப்பும் மிளகாயும் வேண்டிய மட்டும் இருக்கிறது. பாரம் என்று அவர் சொன்னாராம். பிரினா நானூற்றைம்பது கிலோ, அவளையே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுது, கண்ணே.

அக்கா

*

மெரானோ
9 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்து பல காகிதங்களைக் கிழித்தேன். அப்பாவைச் சாப்பிடச் சொல். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்றும் சொல்.

அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அன்று காலை மழை பெய்து புல் வழுக்கியது. புதர்வேலியும் அதற்கு அப்பால் பள்ளமும் உள்ள தடை. பிரினா நன்றாகத்தான் எழும்பினாள், இறங்கிய இடத்தில் முன்கால்கள் வழுக்கிவிட்டன. இடப்பக்கம் விழுந்தாள். அவர் அவளுக்கு அடியில் இருந்தார். அவள் உடம்பின் பாரம் முழுக்க அவர் இடுப்பில் இருந்தது.

அவள் எழ ஒரு தடவை உதறினாள். அடியில் ஆள் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு அசையவே இல்லை. விழுந்த பந்தயக் குதிரை எப்படிக் காலை உதைத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும், அன்று இவள் அப்படிச் செய்திருந்தால் இதைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கை நீட்டினால் அவளுடைய காது எட்டியது. காதைப் பிடித்துக்கொண்டு அவரும் கிடந்தார். அந்த நேரம் அமைதியாக இருந்தது என்கிறார்.

அப்புறம் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் நின்று கத்தினார்கள். சுட்டுக் கொல்ல வேண்டிய குதிரைக்கு மறைப்பாகப் பிடிக்கிற பச்சைத் திரையைச் சுற்றிப் பிடித்தார்கள். அவள் கால்களில் கயிறு போட்டு அந்தப் பக்கம் புரட்டி இழுத்தார்கள். அவள் எழுந்தபோது அவருக்கு வலிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே வலி இல்லை, வேறு எந்த உணர்வும் இல்லை. இனி வராது என்று மருத்துவர்கள் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏன் பிரினாதான் வேண்டும் என்றும் சொன்னார். அன்று அவள் அவரைக் கீழே விட்டுவிட்டு எழ வேண்டியதாயிற்று. ஒரு முறையாவது அவரோடு சேர்ந்து எழ வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு வரி வந்ததும் மேலே படிக்க முடியவில்லை.

உன்,
வெண்டெல்

*

ஹொர்தோபாஜ்
4 செப்டம்பர் 1994

அன்புள்ள தம்பி வெண்டெலுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய் அங்கேதான் படித்தேன். படித்து முடித்ததும் புல்லில் உட்கார்ந்தேன், பிறகு அப்படியே படுத்துவிட்டேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. கன்னத்தில் சூடாக மூச்சுப் பட்டது. பிரினா என் தலைமாட்டில் நின்று முகர்ந்துகொண்டிருந்தாள். நான் அசையவில்லை. அவள் என்னை ஒரு சுற்றுச் சுற்றினாள், முன்கால்களை மடக்கினாள், பெருமூச்சு விட்டுக்கொண்டு என் பக்கத்தில் படுத்தாள்.

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சவுக்கும் என் கையில் இல்லை. கழுத்தை நீட்டிக் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. கனவு கண்டாள் என்று நினைக்கிறேன். எத்தனை மாதத் தூக்கமோ. நான் எழுந்து நின்றதும் அடுத்த நொடி அவளும் துள்ளி எழுந்துவிட்டாள்.

மறுநாள் மாமாவைப் படுக்கச் சொன்னேன். "வயசான காலத்துல புல்லுல உருளச் சொல்றியே, ஊர் என்ன சொல்லும்?" என்று முனகிக்கொண்டே படுத்தார். அவர் பக்கத்திலும் படுத்தாள். நான் தூரத்தில் நின்றிருந்தேன், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான் உட்கார்ந்ததும் மறுபடியும் படுத்தாள். பலமுறை செய்து பார்த்துவிட்டேன். நின்றுகொண்டிருக்கிற யாருக்கும் அவள் படுக்க மாட்டாள். அன்று நின்றவர்கள்தானே கயிறு கொண்டுவந்தார்கள், அப்பாவும் நின்றுகொண்டுதானே இழுத்தார். தரையில் கிடந்தவனிடம் அவளுக்கு என்றைக்கும் பயம் இருந்ததில்லை. ஆறு மாதமாக அவள் முன்னால் கம்பம்போல நின்றுகொண்டு படு படு என்று கெஞ்சியிருக்கிறேன், முட்டாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் மேசையில் என்னிடம், "அந்த ஆளுக்கு என்ன வயசாம்?" என்று கேட்டார். "முப்பத்தொண்ணு" என்றேன். இந்த வீட்டில் முப்பத்தொன்று யாருக்கு என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். காலையில் பார்த்தால் லாயத்தில் மாட்டியிருந்த கயிறு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் கால்வாயில் எறிந்துவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு தினமும் காலையில் தடியை ஊன்றி மேய்ச்சலுக்குப் போகிறார். தூரத்திலேயே கீழே உட்கார்ந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவளிடம் போய்ப் படுக்கிறார். அவர் படுத்து நான் பார்த்ததில்லை, சவப்பெட்டியில்தான் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். நேற்று அவர் பக்கத்தில் அவள் படுத்தாள். அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அப்பா அழுதார். வெளிப்படையாகத்தான் அழுதார். என்னைப் பார்த்து, "வரச் சொல்லு அவனை" என்றார்.

படுத்திருந்தபடியே அவள்மேல் சேணத்தை வைத்துப் பார்த்தேன். பொறுத்துக்கொண்டாள். மாமா தரையிலிருந்து ஊர்ந்து சேணத்துக்கு மாறினார், "எழு" என்றார், அவரோடு எழுந்தாள். ஆனால் உன் மாமாவுக்குக் கால்கள் இருக்கின்றன, தன்னை அறியாமல் தரையில் ஊன்றிவிடுகிறார். ஊன்றிய உடனே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டியது கால் ஊன்றாத ஆள். அது எங்களில் யாரும் இல்லை.

அந்த ஆள் என்று இனி நான் எழுத மாட்டேன். எனக்கு அலுத்துவிட்டது, உனக்கும்தான். நின்றுகொண்டிருக்கிற நாங்கள் செய்யக்கூடியதைச் செய்துவிட்டோம். மீதியை நீதான் செய்ய வேண்டும். வா, வெண்டெல்.

அக்கா,
எதெல்கா

*

மெரானோ
22 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இல்லை. முதல் வரியில் இதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படித்தான் இருக்கிறது. ஒரு வருடமாகக் கட்டிலிலும் நாற்காலியிலும் இருக்கிறேன். எலும்பும் தோலுமாகிவிட்டேன், நீ எடையைக் கேட்டபோது சொல்லப் பயந்தேன். அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தது நீ. மறுபடியும் உன்னைத் தூக்கவைக்கக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். நீ முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தாயே, அதனால்தான் தொடர்ந்து எழுத முடிந்தது.

டெஜோவின் லாரியில் வருகிறேன். முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், நாற்காலி பின்னால் வரும். ரயிலுக்கு எல்லா இடத்திலும் படிகள், லாரிக்குக் குதிரை ஏறுகிற பலகை இருக்கிறது என்றார் அவர். உன்னைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் நிற்காமல் போனாராம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை மதியம் வந்து சேருவோம்.

முதலில் மேய்ச்சலுக்குப் போக வேண்டும். வீடு அப்புறம். பிரினாவுக்கு என்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோ, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. புல்லில் இறக்கிவிட்டால் போதும், நான் காத்திருக்கிறேன்.

உங்கள் மூன்று பேரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு வருடமாக எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி நின்று குனிந்துதான் என்னோடு பேசுகிறார்கள். லாரிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்து நிற்காதீர்கள். அப்பாவிடமும் சொல். எல்லோரும் உட்கார்ந்திருங்கள்.

உன் தம்பி,
வெண்டெல்